கன்னிப் பிறப்புக் கோட்பாடு: கிறித்தவ வரலாற்றில் அதன் பொருள்

நாசரேத்தூரைச் சேர்ந்த மரியா (சீர்திருத்தச் சபையினர் வழக்கில் மரியாள்) ஆண் தொடர்பின்றித் தூய ஆவியின் வல்லமையால் கருவுற்று இயேசுவைப் பெற்றெடுத்தார் என்னும் கிறித்தவ நம்பிக்கையே கன்னிப் பிறப்பு எனப்படுகிறது. கத்தோலிக்கர், கீழைத் திருச்சபையினர், சீர்திருத்தச் சபையினர் ஆகியோர் பல கொள்கைகளில் வேறுபட்டாலும், இந்த ஒரு வரியைத் தம் நம்பிக்கை அறிக்கையில் பொதுவாகக் கொண்டுள்ளனர்.

அற்புதம் ஒன்று நடந்ததா இல்லையா என்பதை வரலாற்று ஆய்வு முடிவாகச் சொல்லிவிட இயலாது. ஆனால் அந்த அற்புதத்தை மக்கள் ஏன் முக்கியமாகக் கருதினர், எந்தக் கேள்விக்கு விடையாக அதைச் சொன்னார்கள் என்பதை வரலாறு காட்ட முடியும். கன்னிப் பிறப்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கருத்துகள், மூன்று பெயர்கள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஒன்றோடொன்று கலந்து பேசப்படும் மூன்று கருத்துகள் உள்ளன.

முதலாவது, மரியா கன்னியாக இருக்கும்போதே இயேசுவைக் கருவுற்றார் என்பது. நற்செய்தி நூல்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, மரியா இயேசுவைப் பெற்ற பின்னரும் வாழ்நாள் முழுதும் கன்னியாகவே இருந்தார் என்பது. 'என்றும் கன்னி' என்னும் இக்கருத்தைக் கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் ஏற்கின்றனர். சீர்திருத்தச் சபையினரில் இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை.

மூன்றாவது, அமல உற்பவம். மரியா தம் தாயின் வயிற்றில் உருவானபோதே பிறவிப் பாவத்தின் கறை இன்றி உருவானார் என்பது இதன் பொருள். இது இயேசுவின் பிறப்பைப் பற்றியது அன்று, மரியாவின் தொடக்கத்தைப் பற்றியது. 1854 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் இதைக் கத்தோலிக்கக் கோட்பாடாக அறிவித்தார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்களுக்கு வழங்கும் 'அமலோற்பவம்' என்னும் பெயரும், புதுச்சேரியின் அமலோற்பவ மாதா பேராலயத்தின் பெயரும் இக்கருத்திலிருந்து வந்தவை. கன்னிப் பிறப்பைக் குறிப்பவை அல்ல.

நற்செய்தி நூல்களில்

புதிய ஏற்பாட்டில் இயேசுவின் பிறப்பை விரித்துரைப்பவை மத்தேயு, லூக்கா என்னும் இரண்டு நற்செய்திகள் மட்டுமே. மாற்கு இயேசுவின் திருமுழுக்கிலிருந்து தொடங்குகிறார். யோவான் காலத்துக்கு முந்திய 'வாக்கு' என்பதிலிருந்து தொடங்குகிறார். இவர்கள் எல்லோருக்கும் முன்னரே எழுதிய பவுல், இயேசு ஒரு பெண்ணிடம் பிறந்தார் என்று குறிப்பிடுவதோடு நின்றுவிடுகிறார்.

மத்தேயுவும் லூக்காவும் கதையை ஒரே மாதிரி சொல்லவில்லை. மத்தேயு யோசேப்பின் பக்கம் நின்று சொல்கிறார். அக்கால யூத வழக்கில் மண ஒப்பந்தம் என்பது நம் நிச்சயதார்த்தத்தைவிடக் கடுமையான கட்டு. அதை முறிக்க மணவிலக்குத் தர வேண்டும். ஒப்பந்தமான பெண் வேறொருவனால் கருவுற்றால் கல்லெறிந்து கொல்லலாம் என்று மோசேயின் சட்டம் கூறுகிறது. இந்தப் பின்னணியில்தான், மரியா கருவுற்றிருப்பதை அறிந்த யோசேப்பு, அவரை ஊரறிய இழிவுபடுத்த விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணுகிறார். கனவில் தோன்றிய வானதூதர் அவரைத் தடுக்கிறார். யோசேப்பு மரியாவை ஏற்று, குழந்தைக்குத் தாமே பெயரிடுகிறார். பெயரிடுதல் சட்டப்படி தந்தையாகும் செயல். அதனால்தான் யோசேப்பின் வழியாகச் செல்லும் தாவீதின் குலவரிசை இயேசுவுக்கும் உரியதாகிறது.

மத்தேயு தரும் குலவரிசையில் மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் வருகின்றனர்: தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவியாகிய பெத்சேபா. ஊர் வாய்க்கு இடம் தந்த வாழ்க்கையை உடையவர்களும் வேற்றினத்தவரும் இவர்களில் உள்ளனர். இறைவனின் திட்டம் எதிர்பாராத பெண்கள் வழியாக நடந்திருக்கிறது என்பதை மத்தேயு முன்கூட்டியே வாசகருக்கு நினைவூட்டுகிறார் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுவர்.

லூக்கா மரியாவின் பக்கம் நிற்கிறார். கபிரியேல் தூதர் செய்தி சொல்கிறார். மரியா, இது எப்படி ஆகும் என்று வினவுகிறார். விளக்கம் பெற்ற பின் இசைவு தருகிறார். தமிழ்க் கத்தோலிக்கர் இந்நிகழ்வை 'மங்கள வார்த்தை' என்பர். இதன் திருநாள் மார்ச் 25, அதாவது கிறிஸ்துமசுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன். லூக்கா இதனுடன் எலிசபெத்தின் கதையையும் இணைக்கிறார். மலடி எனப்பட்டவர் பிள்ளை பெறுவது எபிரேய மரபுக்குப் பழகிய செய்தி. சாரா, சிம்சோனின் தாய், சாமுவேலின் தாய் அன்னா ஆகியோர் அவ்வாறு பெற்றவர்களே. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் கணவர் வழியாகவே பிள்ளை பிறந்தது. மரியாவின் செய்தி அந்த வரிசையில் வந்தாலும் அதைத் தாண்டிச் செல்கிறது.

இவ்வளவு வேறுபட்ட இரு நூல்களும் ஒத்துப்போகும் இடங்கள் சிலவே: பெற்றோரின் பெயர்கள், பெத்லகேம், தாவீதின் குலம், தூய ஆவியால் கருவுறுதல். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை என்றால், இந்தச் செய்தி இருவருக்கும் முன்பே சபைகளில் வழங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்கின்றனர்.

ஒரு சொல்லின் நெடும் வழக்கு

மத்தேயு, இப்பிறப்பில் ஏசாயா இறைவாக்கினரின் சொல் நிறைவேறியது என்கிறார். அச்சொல் பிறந்த சூழல் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. சிரியாவும் வட இசுரயேலும் சேர்ந்து எருசலேமைத் தாக்க வந்தபோது நடுங்கிய யூதா அரசன் ஆகாசுக்கு, ஏசாயா ஓர் அடையாளம் தருகிறார்: ஒரு பெண் மகனைப் பெற்று இம்மானுவேல் என்று பெயரிடுவாள், அக்குழந்தைக்கு நன்மை தீமை தெரியும் முன்னரே அந்த இரு பகை நாடுகளும் பாழாகும்.

அந்தப் பெண்ணைக் குறிக்க எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'அல்மா'. மணப்பருவத்து இளம்பெண் என்பது அதன் பொருள். கன்னிமையை அது வலியுறுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. கிறித்துவுக்கு முன்பே யூதர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் நூலில் அது 'பார்தெனோஸ்' ஆனது. இச்சொல்லின் வழக்கமான பொருள் கன்னி. மத்தேயு எடுத்தாண்டது இந்தக் கிரேக்கப் பாடத்தையே. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அக்கிலா முதலியோர் செய்த புதிய கிரேக்கப் பெயர்ப்புகள் இளம்பெண் என்னும் பொருளுடைய 'நெயானிஸ்' என்பதற்குத் திரும்பின. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் ஓயவில்லை. 1952இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய ஆங்கில விவிலியம் 'இளம்பெண்' என்று அச்சிட்டதற்காக, போதகர் ஒருவர் அந்தப் பக்கத்தையே தீயிட்டார்.

தமிழிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய வேதாகமத்தில் ஏசாயாவின் அந்த இடத்தில் 'கன்னிகை' என்றுள்ளது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பில் 'இளம்பெண்' என்றுள்ளது. ஆனால் மத்தேயு நற்செய்தியில் இரண்டுமே கன்னியைத்தான் குறிக்கின்றன. இரண்டு பெயர்ப்புகளும் அருகருகே கிடைத்தால் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: அவர் உண்மையிலேயே மனிதரா?

இன்று கன்னிப் பிறப்பு என்றதும் 'இயேசு தெய்வம் என்பதற்குச் சான்று' என்றே பலர் எண்ணுவர். தொடக்க நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்காகப் பயன்பட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அக்காலத்தில் எழுந்த ஒரு கொள்கை, இயேசுவுக்கு மெய்யான உடல் இல்லை, மனிதரைப் போலத் தோன்றினார் அவ்வளவே என்றது. இதைத் தோற்றவாதம் என்பர். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமைக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், வழியில் எழுதிய கடிதங்களில் இக்கொள்கையை எதிர்த்தார். இயேசு மெய்யாகப் பிறந்தார், மெய்யாக உண்டார், மெய்யாகப் பாடுபட்டார் என்பது அவர் வாதம். கன்னியிடம் பிறந்தார் என்று அவர் சொல்லும்போது அழுத்தம் விழுவது 'பிறந்தார்' என்பதன் மேல்.

மார்சியோன் என்பவர் இன்னும் ஒரு படி சென்றார். அவர் பயன்படுத்திய லூக்கா நற்செய்தியில் பிறப்புக் கதையே நீக்கப்பட்டிருந்தது. வளர்ந்த மனிதராகவே இயேசு வந்து இறங்குகிறார். வாலன்டைன் என்பவரின் வழி வந்தோர், குழாய் வழியே நீர் செல்வதுபோல இயேசு மரியா வழியே வந்தார், அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றனர். இவர்களுக்கு எதிராக வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் கிறித்துவின் உடலைப் பற்றித் தனி நூலே எழுதினார். கருப்பையையும் பேற்று வலியையும் அருவருப்பாகக் கருதுபவன் மனிதனையே அருவருக்கிறான் என்ற பொருளில் அவர் வாதிட்டார். மரியா ஒரு குழாய் அல்ல, தாய் என்பதே திருச்சபை எடுத்த நிலை.

மறுபக்கத்தில் எபியோனியர் என்னும் யூதக் கிறித்தவரில் ஒரு சாரார், இயேசு யோசேப்புக்கும் மரியாவுக்கும் இயல்பாகப் பிறந்தவரே என்றனர். ஆக, ஒரே வரி இருபுறமும் வேலி போட்டது. தாயிடம் பிறந்தவர் என்பதால் மனிதர். மனிதத் தந்தையின்றிப் பிறந்தவர் என்பதால் மனிதர் மட்டும் அல்லர்.

கிரேக்கக் கதைகளும் ஏளனங்களும்

வெளியிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. சுமார் கி.பி. 160இல் யுஸ்தின் எழுதிய உரையாடல் நூலில் திரிபோ என்னும் யூத அறிஞர், சீயுசு தேவன் பொன்மழையாக இறங்கி தனாயே வயிற்றில் பெர்சியுசைப் பிறப்பித்த கிரேக்கக் கதையைச் சுட்டி, இப்படிப் பேச வெட்கப்பட வேண்டும் என்கிறார். வேடிக்கை என்னவென்றால், உரோமை ஆட்சியாளருக்கு எழுதிய மற்றொரு நூலில் யுஸ்தினே அதே பெர்சியுசை எடுத்துக்காட்டி, நீங்களும் இப்படி நம்புகிறீர்கள்தானே என்று கேட்டிருந்தார்.

ஒற்றுமை உண்டு; வேறுபாடும் உண்டு. கிரேக்கக் கதைகளில் தேவன் ஆசை கொள்கிறான், உருமாறி வருகிறான், கூடுகிறான். நற்செய்திகளில் அத்தகைய கூடல் எதுவும் இல்லை. படைப்பின் தொடக்கத்தில் நீரின்மேல் அசைந்த ஆவி இங்கே மீண்டும் செயல்படுகிறது என்பதே அவற்றின் நோக்கு.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் செல்சசு என்னும் தத்துவவாதி, இயேசு பந்தேரா என்ற போர்வீரனுக்குப் பிறந்தவர் என்னும் வதந்தியைத் தம் நூலில் பயன்படுத்தினார். சுமார் கி.பி. 248இல் ஓரிஜன் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். செல்சசின் நூல் அழிந்தது. ஓரிஜன் எடுத்துக்காட்டி மறுத்த பகுதிகள் வழியாகவே அதை நாம் அறிகிறோம்.

நம்பிக்கை அறிக்கையில் இடம்

உரோமைச் சபையில் திருமுழுக்குப் பெறுவோர் சொன்ன பழைய அறிக்கையிலேயே தூய ஆவியாலும் கன்னி மரியாவிடமும் பிறந்தவர் என்னும் தொடர் உண்டு. அதிலிருந்து வளர்ந்ததே திருத்தூதர் நம்பிக்கை அறிக்கை. கி.பி. 325இன் நீசேயா அறிக்கையில் மரியாவின் பெயர் இல்லை. கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கத்தோடு தொடர்புடைய கி.பி. 381இன் அறிக்கையில் அது சேர்ந்தது.

இந்த அறிக்கைகளில் இயேசுவைத் தவிர இரண்டே மனிதரின் பெயர்கள் வருகின்றன. ஒருவர் மரியா, மற்றவர் உரோமை ஆளுநர் பிலாத்து. ஒருவர் அவர் பிறந்ததற்குச் சாட்சி, மற்றவர் இறந்ததற்குச் சாட்சி. புராணக் காலத்தில் அல்ல, குறித்த ஒரு காலத்தில், குறித்த ஓர் இடத்தில் நடந்தது என்று காட்டவே இவ்விரு பெயர்களும் நிற்கின்றன.

எபேசு, கி.பி. 431

அடுத்த கேள்வி, பிறந்தவர் யார் என்பது. கி.பி. 428இல் கான்ஸ்டாண்டிநோப்பிளின் ஆயரான நெஸ்தோரியஸ், மரியாவைத் 'தெயோடோக்கோஸ்', அதாவது கடவுளைப் பெற்றவர் என்று அழைக்கத் தயங்கினார். 'கிறித்துவைப் பெற்றவர்' என்பதே பொருத்தம் என்றார். கடவுளுக்குத் தொடக்கம் இருப்பதாகப் பொருள்பட்டுவிடும் என்பது அவர் அச்சம். அலெக்சாந்திரியாவின் சிரில் இதை எதிர்த்தார். மரியா பெற்றது ஓர் இயல்பை அல்ல, ஓர் ஆளை. அந்த ஆள் கடவுளின் மகன் என்றால் மரியா கடவுளின் தாய் என்றார். கி.பி. 431இல் எபேசுவில் கூடிய சங்கம் சிரிலின் பக்கம் தீர்ப்பளித்தது. உரோமையில் உள்ள புனித மரியா பெருங்கோவில் அடுத்து வந்த ஆண்டுகளில் எழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நெஸ்தோரியஸ் கன்னிப் பிறப்பை மறுக்கவே இல்லை என்பது. ஒரே அற்புதத்தை இருதரப்பும் நம்பின. அதன் பொருளில்தான் பிளவு வந்தது. அப்பிளவால் தனித்து நின்ற கீழைச் சபையோடுதான் கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டு உறவு கொண்டிருந்தனர். 1994 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அக்கீழைச் சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, இரண்டு பட்டங்களும் ஒரே நம்பிக்கையைக் குறிப்பவை என்று ஏற்றது. ஒரு சொல்லால் பிரிந்தவர்கள் அதைச் சொல்ல 1,500 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

புதிய ஆதாம், புதிய ஏவாள்

இறையியலில் கன்னிப் பிறப்புக்குத் தரப்பட்ட விளக்கங்களில் மிகப் பழையது படைப்போடு ஒப்பிடுவது. கி.பி. 180 அளவில் இலியோன் ஆயர் இரேனியு, உழப்படாத கன்னி நிலத்தின் மண்ணிலிருந்து ஆதாம் உருவானதுபோலக் கன்னியிடமிருந்து இரண்டாம் ஆதாம் பிறந்தார் என்றார். ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாவின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்றும் எழுதினார்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் இதை ஒரு கணக்குப்போல விளக்கினார். மனிதர் உருவாக நான்கு வழிகள் உண்டு. ஆணும் பெண்ணும் இன்றி வந்தவர் ஆதாம். ஆணிலிருந்து மட்டும் வந்தவர் ஏவாள். இருவரிடமிருந்தும் வருவோர் நாம் எல்லோரும். பெண்ணிடமிருந்து மட்டும் வருவது என்னும் நான்காம் வழி எஞ்சியிருந்தது, அது கிறித்துவுக்குரியதாயிற்று.

அகஸ்டின் வேறொரு திசையில் சென்றார். பிறவிப் பாவம் உடல் இச்சையோடு கூடிய பிறப்பின் வழியாகத் தலைமுறைகளுக்குப் பரவுகிறது; இச்சையின்றிக் கருவான கிறித்து அதற்கு விலக்கு என்றார். மேலைத் திருச்சபையில் இவ்விளக்கம் மிகவும் வேரூன்றியது. இதன் விளைவுகள் நூல்களோடு நிற்கவில்லை. கன்னிமை உயர்ந்த நிலை, இல்லறம் அதற்குக் கீழ் என்னும் எண்ணத்துக்கு இது வலுவூட்டியது. மரியாவுக்குப் பின்னர் வேறு பிள்ளைகள் பிறந்தனர் என்று எழுதிய ஹெல்விதியுசை எதிர்த்து, சுமார் கி.பி. 383இல் ஜெரோம் கடுமையான நூல் எழுதியதும் இந்தச் சூழலில்தான். நற்செய்தியில் வரும் 'இயேசுவின் சகோதரர்' ஒன்றுவிட்ட உறவினர் என்பது ஜெரோமின் விளக்கம்; யோசேப்பின் முதல் மனைவி மக்கள் என்பது கீழைத் திருச்சபையின் விளக்கம். இல்லறப் பெண்களின் நிலையைத் தாழ்த்த இக்கோட்பாடு பயன்பட்டதா என்னும் கேள்வியை இன்றைய பெண்ணிய இறையியலாளர் எழுப்புகின்றனர். லூக்காவின் மரியா கேள்வி கேட்டு, யாருடைய அனுமதியையும் நாடாமல் தாமே முடிவெடுப்பவர் என்பதையும் அவர்கள் நினைவூட்டுகின்றனர்.

இசுலாத்தின் பார்வை

கன்னிப் பிறப்பை நம்புவோர் கிறித்தவர் மட்டும் அல்லர். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யமின் பெயரால் வழங்குகிறது. அந்நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவரே. ஈசா நபி தந்தையின்றிப் பிறந்தார் என்பதை இசுலாம் ஏற்கிறது. ஆனால் அதிலிருந்து அவர் இறைமகன் என்னும் முடிவுக்கு வருவதில்லை. தந்தையும் தாயும் இன்றிப் படைக்கப்பட்ட ஆதமை இறைவனின் மகன் என்று எவரும் சொல்வதில்லையே என்பது அதன் தருக்கம். ஆதாமோடு ஒப்பிடும் அதே உவமையை இரேனியு ஒரு முடிவுக்கும், குர்ஆன் மற்றொரு முடிவுக்கும் பயன்படுத்துகின்றன. கன்னிப் பிறப்பு மட்டுமே இயேசுவின் தெய்வீகத்தை நிறுவிவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

நவீன காலம்

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் இக்கோட்பாட்டை அசைக்கவில்லை. லூதரும் கால்வினும் இதை உறுதியாக ஏற்றனர். அசைவு வந்தது அறிவொளிக் காலத்துக்குப் பின்னர். 1835இல் தாவீது ஸ்ட்ராஸ் எழுதிய இயேசு வரலாறு, பிறப்புக் கதைகளைத் தொன்மம் என்றது. 1892இல் ஜெர்மனியில், திருமுழுக்கின்போது திருத்தூதர் அறிக்கையைச் சொல்ல மறுத்த போதகர் கிறிஸ்டோஃப் ஷ்ரெம்ப் பதவி நீக்கப்பட்டார். அறிக்கை பற்றிய பெரும் சர்ச்சை எழுந்தது. அமெரிக்காவில் 1910இல் பிரெஸ்பிடேரியன் பேரவை, போதகராக விரும்புவோர் ஏற்க வேண்டிய ஐந்து அடிப்படைகளில் ஒன்றாகக் கன்னிப் பிறப்பை வைத்தது. 'அடிப்படைவாதம்' என்னும் சொல் உருவான சூழல் இதுவே. கேள்வி இப்போது மீண்டும் மாறிவிட்டது: அற்புதத்தை நம்புகிறாயா, விவிலியத்தை நம்புகிறாயா என்பதற்கான சோதனையாக இக்கோட்பாடு ஆனது.

20ஆம் நூற்றாண்டு இறையியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எமில் புருன்னர் இதைக் கைவிட்டார். கார்ல் பார்த் ஏற்றார். மீட்பு மனிதச் சாதனை அன்று, கொடை என்பதற்கான அடையாளம் இது என்றார். இயேசு வாழ்வின் தொடக்கத்தில் கன்னிப் பிறப்பும் முடிவில் வெறுமையான கல்லறையும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கும் இரு அடையாளங்கள் என்பது அவர் கருத்து. கத்தோலிக்கக் குருவும் விவிலிய அறிஞருமான ரேமண்ட் பிரவுன், 1970களில் வெளியிட்ட நூல்களில், நூற்சான்றுகளை மட்டும் கொண்டு ஆய்வு முறையில் இதை முடிவுசெய்ய இயலாது என்று எழுதினார். தாம் ஏற்பது திருச்சபையின் போதனை காரணமாக என்பதையும் மறைக்கவில்லை.

மாணவர்கள் அடிக்கடி கேட்பது, உயிரியல்படி இது நடக்குமா என்பது. சில பல்லி இனங்களிலும் அசுவினி போன்ற பூச்சிகளிலும் ஆண் இன்றி இனப்பெருக்கம் நடைபெறுகிறது. பாலூட்டிகளில் இயற்கையாக அவ்வாறு நடப்பதில்லை. மேலும், மனிதரில் ஆண் குழந்தைக்குரிய ஒய் நிறப்புரி தந்தையிடமிருந்தே வருகிறது. ஆனால் கிறித்தவம் இதை இயற்கை நிகழ்வாகச் சொன்னதே இல்லை. கருவுறுதல் எப்படி நடக்கிறது என்ற நுட்பம் தெரியாவிட்டாலும், ஆணின்றிப் பிள்ளை பிறக்காது என்பது யோசேப்புக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவர் மணவிலக்குத் தர எண்ணினார். பெண்ணின் கருமுட்டை 1827இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன், ஆணே உருவம் தருகிறான், பெண் தருவது மூலப்பொருள் மட்டுமே என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

தமிழில்

தமிழில் இக்கதை யோசேப்பின் வழியாகவே காப்பியம் ஆனது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களைக் கொண்டது. அதன் தலைவர் வளன் என்று தமிழ்ப் பெயர் பெற்ற யோசேப்பு. மேலைக் காப்பியங்களில் ஓரமாக நின்றவரை நடுவில் வைத்துப் பாடியது அந்நூலின் தனிச்சிறப்பு. குழந்தைக்கு உடல்வழித் தந்தை அல்லாதவர், ஆனால் எல்லாக் கடமைகளிலும் தந்தையாக நின்றவர் என்னும் நிலை, இல்லறக் கடமையைப் போற்றும் தமிழ் மரபில் எளிதில் பொருந்தியது.

முடிவாக

கன்னிப் பிறப்புக் கோட்பாடு கிறித்தவத்தில் நான்கு பொருள்களைச் சுமந்து வந்துள்ளது. இயேசு உண்மையான மனிதர் என்பது முதலாவது. அவர் மனிதர் மட்டும் அல்லர் என்பது இரண்டாவது. அவரிடம் படைப்பு புதிதாகத் தொடங்குகிறது என்பது மூன்றாவது. மீட்பு மனிதர் ஈட்டியது அன்று, பெற்றது என்பது நான்காவது. இவற்றில் எது முன்னுக்கு வந்தது என்பதை அந்தந்தக் காலத்தின் கேள்வியே முடிவு செய்தது. ஆகவே பழைய நூல் ஒன்றில் இக்கோட்பாட்டைச் சந்திக்கும் மாணவர், அதன் ஆசிரியர் யாருக்கு எதிராக, எந்த ஐயத்துக்கு விடையாக எழுதுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் நூலின் மற்றப் பகுதிகளும் எளிதில் விளங்கும்.